இரண்டு ஊசி, ஒரு நூல், ஒரு கைப்பை

என் மனைவியின் கைப்பைகள் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. குற்றம் அவள் மேல் இல்லை. கடைகளில் 'லெதர் மாதிரி' என்று சொல்லி விற்கும் பைகள் துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியவை. புதுச்சேரி கடற்காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு முதலில் பிசுபிசுக்கும், அடுத்து வெடிக்கும், கடைசியில் மீன் செதில் மாதிரி உதிரும். பாஸ்புக், மாத்திரை அட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றின் மேலும் கறுப்புத் துகள். போன ஐப்பசி மழையில் நாலாவது பையும் உதிர ஆரம்பித்தபோது, நிஜத் தோலில் ஒரு பையை நானே தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வயது 74. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. கை நடுக்கம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் தையல் எனக்கு முற்றிலும் புதிதல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்த நாளில் கோப்புகளை நாங்களே துளை போட்டு, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்போம். பழைய பதிவேடுகளின் முதுகு பிரிந்தால் அதையும் தைப்போம். பிரெஞ்சுப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைவேலை வகுப்பு உண்டு. அட்டையை அளந்து, மடித்து, மூலை பிசகாமல் பெட்டி செய்ய அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கைப்பைக்கு வேண்டிய மூலதனம் இவ்வளவுதான்: அளக்கத் தெரிய வேண்டும், அவசரப்படாமல் இருக்கத் தெரிய வேண்டும். ஓய்வூதியக்காரனிடம் அவசரம் எங்கே இருக்கிறது?

முதல் வேலை அளவு. பையின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அளவெடுக்கக் கூடாது. உள்ளே என்ன போகப் போகிறதோ அதை மேசையில் பரப்பி அளவெடுக்க வேண்டும். என் மனைவியின் பழைய பையைக் கவிழ்த்தேன். பாஸ்புக், ரேஷன் கார்டு, கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு சின்னப் பணப்பை, விபூதிப் பொட்டலம். இவற்றை அடுக்கிப் பார்த்ததில் அகலம் 24 சென்டிமீட்டர், உயரம் 18, கனம் 6 என்று வந்தது.

முதல் பை செய்பவர்களுக்கு ஏற்ற அமைப்பு ஒன்று உண்டு. முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம், மேல் மூடி நான்கும் ஒரே நீளத் துண்டு. 18, 6, 18, 16 என்று கூட்டினால் 58 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் அடைக்க இரண்டு சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றும் 8 அகலம், 19 உயரம். அந்தத் துண்டுகளின் இரு பக்க ஓரத்தையும் அடி ஓரத்தையும் ஒரு சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் மீதி நிற்பது 6-க்கு 18. மடித்த ஓரத்தைப் பெரிய துண்டின் ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு தோளில் மாட்ட ஒரு வார். அவ்வளவுதான். தோலை வெட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் அட்டையில் வெட்டி, ஒட்டி, சாமான்களை உள்ளே போட்டுப் பார்த்துவிடுங்கள். நான் பழைய கோப்பு அட்டைகளில் செய்தேன். அட்டைப் பையை என் மனைவி ஒரு நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்களையில் நடந்தாள். வாரை இரண்டு விரற்கடை குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.

அடுத்தது தோல். "மாட்டுத் தோல் வேண்டாம்" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே ஆட்டுத் தோல். இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆட்டுத் தோல் மெல்லியது, ஆனால் அதன் நார் நெருக்கமானது. கனத்துக்கு மீறிய உறுதி அதற்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நல்ல ஆட்டுத் தோலை 'மரோக்கேன்' என்பார்கள். மொரோக்கோ நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல். தோல் பை, பணப்பை செய்யும் தொழிலுக்கே 'மரோக்கினெரி' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை. மந்திரி பதவியையும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் 'மரோக்கேன்' என்றுதான் எழுதும், மந்திரிமார் கையில் வைத்திருந்த தோல் பையை வைத்து. அவனுக்கு மரோக்கேன் கிடைத்தது என்றால் அவன் மந்திரியாகிவிட்டான் என்று அர்த்தம். என் மனைவிக்கும் ஒரு மரோக்கேன் கிடைக்கப் போகிறது என்று சொன்னேன். இலாகா எது என்று கேட்டாள்.

சென்னையில் தோல் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம் பெரியமேடு. மகனைப் பார்க்கப் போனபோது அங்கே போய் வாங்கினேன். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஓர் ஆட்டுத் தோல் நாலைந்து சதுர அடி இருக்கும். என் பைக்கு இரண்டு தோல் எடுத்தேன்.

கடையில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இது பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்பது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மிருதுவாக, தண்ணீருக்கு அஞ்சாமல் இருக்கும். செருப்பின் மேல்தோல் பெரும்பாலும் அதுதான். பட்டையில் பதனிட்டது கொஞ்சம் விறைப்பு. ஆனால் வெட்டிய ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் மர விளிம்பு மாதிரி பளபளக்கும். கையால் பை செய்கிறவனுக்கு இது பெரிய சௌகரியம். வெட்டு முகத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், நடுவரை பழுப்பாகவே இருந்தால் பட்டை.

நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போன பதனிட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே உலகச் சந்தையில் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் இவையெல்லாம் இந்தத் தொழிலால் வளர்ந்த ஊர்கள். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லேயே வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் 1978-ல் திலீப் கபூர் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் இன்று வெளிநாடுகளில் பை விற்கிறது. ஆகத் தோல் என்பது நமக்குத் தூரத்துப் பொருள் ஒன்றும் இல்லை.

அக்காவுக்குத்தான் அது தூரத்துப் பொருள். அத்தான் காலமான பிறகு அக்கா எங்களோடு இருக்கிறாள். வயது 81. தோல் சுருளை நடுக்கூடத்து மேசையில் விரித்ததும் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டா, தோலைக் கொண்டாந்து கூடத்துல பரப்பறியே. அம்மா இருந்தா விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டாங்க அக்கா."

"தெரிஞ்சுமா செய்யறே?"

"நீ தினம் சாயங்காலம் ரேடியோவுல கச்சேரி கேக்கறியே, அந்த மிருதங்கத்துல என்ன கட்டியிருக்காங்கன்னு நினைக்கறே?"

"அது வேற" என்றாள் அக்கா. அதற்கு மேல் பேச்சு இல்லை.

அது வேறு அல்ல என்பது அவளுக்கும் தெரியும். மிருதங்கத்தின் இரண்டு முகத்துக்கும் ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைச் சுரண்டி, நீட்டி, வாரால் இழுத்துக் கட்டுகிறவருக்குக் காது கச்சேரி வித்வானின் காதுக்குச் சமமாக இருக்க வேண்டும். வாத்தியம் பூஜை அறை வரைக்கும் போகும். கட்டியவர் தெருவோடு நிற்பார். என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். செருப்புத் தைப்பவர் வந்தால் திண்ணைக்குக் கீழே நிற்பார். கூலியை அம்மா திண்ணை விளிம்பில் வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். அதே வாரம் பள்ளியில் லா ஃபோந்தேன் எழுதிய செருப்புத் தைப்பவன் கதையை நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். காலை முதல் மாலை வரை பாடிக்கொண்டே வேலை செய்யும் ஓர் ஏழைத் தொழிலாளி. பக்கத்து வீட்டுப் பணக்காரன் நூறு காசு கொடுக்கிறான். அதைக் காவல் காப்பதில் பாட்டும் போய் உறக்கமும் போக, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கதையில் அவன்தான் நாயகன். புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் திண்ணை.

ஆயுதங்கள் அதிகம் வேண்டாம். கூர்மையான கட்டர், இரும்பு ஸ்கேல், நுனி மழுங்கிய இரண்டு ஊசி, மெழுகு பூசிய நூல், ஒரு குத்தூசி, மரச் சுத்தி, துளை அடையாளம் போடப் பல் வைத்த உளி. பல்லுக்குப் பல் 4 மில்லிமீட்டர் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். தைக்கும்போது தோலைப் பிடித்துக்கொள்ள ஓர் இடுக்கி வேண்டும். பழைய ஜன்னல் பலகை இரண்டை அடியில் சேர்த்துத் தச்சர் எனக்கு ஒன்று செய்து கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் தையலுக்கு மிச்சம்.

தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இராது. முதுகுப் பகுதி இழுபடாது, வயிற்றுப் பகுதி இழுபடும். ஆகவே வாரை முதுகெலும்பு ஓடும் திசையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பை இடுப்புக்குக் கீழே தொங்கும். ஆட்டுத் தோலில் ஒரே நீளமாக வார் கிடைப்பது கஷ்டம். இரண்டு துண்டாக வெட்டி நடுவில் பக்கிள் வைத்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும் வசதி. பைக்கு விறைப்பு வேண்டும் என்பதால் பெரிய துண்டையும் வாரையும் இரட்டைத் தோலாக, சதைப்பக்கத்தோடு சதைப்பக்கம் சேர்த்து ஒட்டினேன். ஒட்டும்போதே மடிப்பு வரும் இடத்தில் வளைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும். தட்டையாக ஒட்டிவிட்டு அப்புறம் மடித்தால் உள்தோல் சுருங்கிக் கசங்கும். செருப்புக்குப் போடும் பசையே போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் நெடி தலையைச் சுற்றும். ஒட்டிக் காய்ந்த பிறகு ஓரத்தை ஒரே கோடாக வெட்டிக்கொள்ளலாம்.

மீதி இருந்தது தையல். பிரெஞ்சில் இதற்குப் 'புவேன் செல்லியே' என்று பெயர், சேணக்காரன் தையல். பாரிஸில் 1837-ல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ் கம்பெனி, இன்று லட்சக்கணக்கில் விலை போகும் கைப்பைகளில் இந்தத் தையலைத்தான் போடுகிறது. புத்தகத்தில் படித்தால் புரியும், கை செய்யாது. கைக்கு இன்னொரு கை காட்ட வேண்டும். அதற்கு நான் பாரிஸ் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெரு முனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருபது வருஷமாக என் செருப்புகளைத் தைத்துக் கொடுப்பவரிடம் போனேன்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் அந்த வழக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"கைத்தையலா? இப்ப யாரு முசே கேக்கறாங்க? எங்கப்பா போடுவாரு. கவலை ஏத்தத்துக்குத் தோல் தும்பி தைக்கிறப்ப ரெண்டு ஊசித் தையல்தான். சொட்டுத் தண்ணி ஒழுகக் கூடாது. ஒழுகினா கூலி நெல்லு கிடைக்காது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கை மறக்குமா?"

ஒரு நாள் மரத்தடியில் என்ன வருமானமோ அதை முதலிலேயே பேசிக்கொண்டேன். கூலி என்று சொல்லாமல் ஃபீஸ் என்றேன். சிரித்தார். நாலு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் வந்தவர் வாசற்படியில் நின்றார். "இங்கேயே திண்ணையில உக்காந்துக்கலாமா முசே, காத்து நல்லா வருது" என்றார். காற்றுக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "உள்ள வாங்க, மேசை, லைட்டு எல்லாம் அங்கதான் இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்களுக்குக் காபி வரும் அதே டம்ளரில் அவருக்கும் காபி வந்தது. அக்காவின் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்தார். "வெச்சிடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். பாதிக் கதவு பாதியாகவே இருந்தது.

தையலைச் சொல்கிறேன், கவனியுங்கள். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுத்துக்கொள்ள வேண்டும். என் பையின் ஒரு பக்கம் 18, 6, 18 ஆக 42 சென்டிமீட்டர். ஊசியில் கோக்கவும் சேர்த்து இரண்டு மீட்டர் நூல். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. முதல் துளையில் நுழைத்து இரண்டு பக்கமும் சம நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துளையில் இடக்கை ஊசி உள்ளே வரும். அதே துளை வழியாக வலக்கை ஊசி அந்தப் பக்கம் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். எந்த ஊசி முதலில், எந்த நூல் மேலே என்ற வரிசை கடைசித் துளை வரை மாறக் கூடாது. மாறினால் தையல் குடித்தவன் நடை மாதிரி போகும். முடிவில் இரண்டு மூன்று துளை பின்னால் வந்து நூலை வெட்டிவிட வேண்டும். பாலியெஸ்டர் நூலாக இருந்தால் முனையை நெருப்பில் லேசாகக் காட்டி அழுத்தினால் போதும்.

மெஷின் தையலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மெஷினில் மேல் நூல் மேலேயே இருக்கும், கீழ் நூல் கீழேயே இருக்கும். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஒன்று அறுந்தால் கொக்கி விட்டு வரிசையாகப் பிரியும். கைத்தையலில் இரண்டு நூலும் ஒவ்வொரு துளையிலும் நுழைந்து போகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். வேலைக்கு எத்தனை நாள் ஆனாலும் கையால் தைக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு பக்கத்துக்கு 105 துளை, இரண்டு பக்கம் 210. அவர் காட்டியபடி குத்தூசியைத் தோலுக்கு நேர் செங்குத்தாகப் பிடித்தேன். பழுப்புத் தோலில் வெள்ளை நூல் என்பதால் கண்ணுக்குச் சிரமம் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது துளைக்கு மேல் போகவில்லை. எனக்கு ஒரு தையல் போடும் நேரத்தில் அவர் பழைய தோல் துண்டில் ஐந்து போடுவார். நூல் இழுபடும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒரே மாதிரி வந்தால் இழுவை சரி என்று அர்த்தமாம். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, "இது தளர்ச்சி முசே, இன்னும் கொஞ்சம்" என்பார். காதால் தைக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பேச்சு என் உத்தியோகத்தின் பக்கம் போயிற்று. பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் முறையில் எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பிறந்த குழந்தையின் பெயரோடு தகப்பனின் தொழிலும் அந்த வாக்கியத்திலேயே வரும். சிலவற்றில் 'கொர்தொனியே' என்று இருக்கும், செருப்புத் தைப்பவர். அந்தச் சொல் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரத்திலிருந்து வந்தது, அந்த ஊர் ஆட்டுத் தோல் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பிரசித்தம் என்றெல்லாம் அவருக்குச் சொன்னேன். வக்கீல் தகப்பனுக்கும் கொர்தொனியே தகப்பனுக்கும் ஒரே மை, ஒரே கையெழுத்து என்றும் சொன்னேன்.

நூலை இழுத்து முடித்துவிட்டுக் கேட்டார்: "பேரு அழகாத்தான் இருக்கு முசே. அதை எழுதினவங்க எங்க தெருவுக்குள்ள வந்திருக்காங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் அவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். ஒரே மகன். பாலிடெக்னிக் படித்து, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இந்த ஊசியை ஒரு நாள்கூட அவன் கையில் கொடுத்ததில்லையாம். "கேட்டான் சின்ன வயசுல. அடிச்சேன்" என்றார். "அவன் கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குக் கீழ வியாபாரம்னு போட்டிருந்தான். சரின்னுட்டேன். நீங்க எழுபது வயசுல இதைக் கத்துக்கறீங்க, நல்லா இருக்கு. ஆனா உங்களுக்கு இது ஆசை முசே. எங்கப்பாவுக்கு இதை விட்டா வேற கதி இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த தையலுக்கு நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே சொன்னார்.

தைத்து முடிந்ததும் ஓர வேலை. உப்புத்தாளால் விளிம்பைச் சமமாக்கி, ஈரத் துணியால் ஒற்றி, காடாத் துணியை விரலில் சுற்றி வேகமாகத் தேய்க்க வேண்டும். சூடு ஏற ஏற இரண்டு தோலும் ஒன்றாகி, நடுவில் இருந்த கோடு மறையும். கடைசியில் தேன்மெழுகு பூசி இன்னொரு தேய்ப்பு. இந்த வேலைக்குப் பொறுமையைத் தவிர எந்த வித்தையும் வேண்டாம். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

நாலாம் நாள் அவர் பையை வாங்கி, வாரைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். தையல் வரிசையை நகத்தால் ஓட்டிப் பார்த்தார். "தும்பிக்குத் தாங்காது. பாஸ்புக்குத் தாங்கும்" என்றார். இந்த வயதில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ் அது.

பை வெளியே போன நாளிலிருந்து பாராட்டு வந்துகொண்டே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள், நடைப்பயிற்சி நண்பர்கள், பிரான்ஸில் குடியேறிய என் பள்ளித் தோழன் எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம். "இந்த வயசுல தோல் வேலையா, எவ்வளவு அழகா வந்திருக்கு!" என்கிறார்கள். நான் போட்டது 210 தையல். நாற்பது வருஷத்தில் அவர் போட்ட தையலுக்குக் கணக்கே இருக்காது. என்னுடையதைவிட ஒவ்வொன்றும் நேராக இருக்கும். அதற்காக ஒருவரும் அவரிடம் அழகு என்று சொன்னதில்லை. அறுந்ததைச் சீக்கிரம் தைத்துக் கொடு என்றுதான் சொல்லியிருக்கிறோம். நான் இந்த ஊசியை எடுத்ததால் எனக்கு மரியாதை கூடியது. அவர் மகனுக்கு அதைத் தொடாமல் விட்டதால்தான் மரியாதை கிடைத்தது. ஊசி ஒன்றுதான். இதை யோசித்துக்கொண்டு பாராட்டுகளைக் கேட்கும்போது காது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

உங்களில் யாராவது இதை ஆரம்பிப்பதாக இருந்தால் என் யோசனை ஒன்று. வீடியோவில் எல்லாம் இருக்கிறது, உண்மை. ஆனாலும் முதலில் உங்கள் தெரு முனைக்குப் போங்கள். மரத்தடியிலோ பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ இருப்பவரிடம் கேளுங்கள். பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் உள்ளே நாற்காலி போடுங்கள். தோலைப் பற்றி அவர் விரலுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அக்கா பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் இன்னும் அந்தப் பையைத் தொடவில்லை. நேற்று மட்டும், "அவர் டம்ளரைக் கழுவ எழுந்தாரே, அது எனக்கு ஒரு மாதிரி இருந்துதுடா" என்றாள். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. 81 வயதில் ஒருத்திக்கு ஒரு மாதிரி இருந்தது என்பதே ஒரு சேதிதான்.

போன வாரம் என் மனைவி பையை மாட்டிக்கொண்டு பாங்கிக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் பை எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறாள். "வீட்டுல தைச்சது. இவர் தைச்சார், சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில இருக்கார்" என்று இவள் அடையாளம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் நான் அந்தப் பக்கம் நடந்தபோது, அந்தப் பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கைப்பிடி அறுந்த ஒரு பையை அவரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு ஊசியை எடுத்து வைத்திருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. குறைத்துக் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.